தபால் தலையில் பவுல்ராஜ்

மரக்காணத்தில் ஒரு காதுகுத்தோ மஞ்சள் நீராட்டோ நடந்தால், வாசலில் நிற்கிற ஃபிளெக்ஸில் பவுல்ராஜின் முகம் இருந்தே தீரும். அழைத்தார்களா இல்லையா என்பது வேறு விஷயம். உப்பு லாரிகளுக்கு மூட்டை ஏற்றும் இடத்தில் அவர் சூப்பர்வைசர். நாலு பேரைத் தெரியும், ஃபிளெக்ஸ் கடைக்காரரையும் தெரியும். "நம்ம படத்தையும் ஒரு ஓரமா வெச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போவார். ஓரம் என்று அவர் சொல்வது நடுவுக்குப் பக்கத்து ஓரம்.

அந்த முகத்தின் பொருட்டு அவர் ஒரு உறவையே இழந்திருந்தார். மனைவி ஆனந்தம்மாளின் அண்ணன் டோமினிக், கிளியனூரில் மாடி வைத்து வீடு கட்டி, புதுவீட்டு மந்திரிப்புக்கு ஃபாதரை அழைத்து, ஊரையே கூப்பிட்டார். அந்த ஃபிளெக்ஸில் பவுல்ராஜின் படம் கீழே வலது மூலையில், அச்சடித்த கடையின் போன் நம்பருக்கு மேலே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இருந்தது. பவுல்ராஜ் அதை உற்றுப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி பஸ் ஏறிவிட்டார். பிரியாணி தயாராக இருந்தும் சாப்பிடவில்லை. அதிலிருந்து மச்சானும் மாப்பிள்ளையும் பேசுவதில்லை. ஒருவர் நம்பரை ஒருவர் பிளாக் செய்துவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் ஒருநாள் அவர் போஸ்ட் ஆபீசுக்குப் போனார். ஆதார் அட்டையில் தன் படம், பைக் திருடிப் பிடிபட்டவன்மாதிரி இருக்கிறது, மாற்றித் தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. கவுண்டரில் இருந்த போஸ்ட் மாஸ்டர் சூர்யகலா அந்தப் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. பொதுமக்கள் தங்கள் படத்தையே ஸ்டாம்பாக அடித்து வாங்கிக்கொள்ளும் திட்டத்துக்கு அவர் வெகுநாளாய் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"சார், ஆதார் கிடக்கட்டும். உங்க போட்டோவை ஸ்டாம்பா அடிச்சுத் தரலாம், வேணுமா?"

"எந்த ஸ்டாம்பு?"

"தபால்ல ஒட்டற ஸ்டாம்புதான்."

"கவர்மெண்டு ஸ்டாம்புலயா? என் மூஞ்சியா?"

"பக்கத்துல ஒரு பூ இருக்கும். மத்தபடி நீங்கதான்."

பவுல்ராஜ் அன்று சாயங்காலமே சலூனுக்குப் போனார்.

ஸ்டாம்பு வந்து சேர்ந்தபோது மூன்று இடத்தில் ஃபிளெக்ஸ் எழுந்தது. 'இந்தியத் தபால் தலையில் இடம்பெற்ற உப்பு மாநகரின் ஒளியே' என்று போட்டிருந்தது. பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள், பார்க்கிறபோதெல்லாம் நின்று கும்பிட்டுச் சிரித்தார்கள். சிரிப்பை விட்டுவிட்டுக் கும்பிட்டதை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். ஸ்டாம்பை ஒட்டினால் அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்புவது? செல்போனில் அறுநூறு பேரின் நம்பர் இருந்தது, ஒருவருடைய விலாசமும் இல்லை. சென்னையில் இருக்கும் மகள் ஆன்மேரிக்கு போன் போட்டுக் கேட்டார்.

"எதுக்குப்பா அட்ரஸ்? லொகேஷன் அனுப்பறேன்."

"லொகேஷன்ல ஸ்டாம்பு ஒட்ட முடியுமாம்மா?"

தேடித் துழாவியதில் வீட்டில் அகப்பட்டது ஒரே ஒரு முழு விலாசம். பீரோவுக்குள் கிடந்த, டோமினிக் வீட்டு மந்திரிப்பு அழைப்பிதழ். பவுல்ராஜ் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, என்னை மூலையில் வைத்தவன் முதலில் பார்க்கட்டும் என்று முடிவு செய்தார்.

போஸ்ட் கார்டு வாங்கப் போனபோது சூர்யகலா தடுத்துப் பார்த்தார்.

"கார்டுலயே ஸ்டாம்பு அச்சடிச்சிருக்குது சார். தனியா ஒட்டத் தேவையில்லை."

"தேவைக்கா மேடம் ஒட்டறேன்?"

கார்டில் என்ன எழுதுவது என்பது அடுத்த சோதனை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவர் கைப்பட எழுதியது லோடு கணக்கும் கையெழுத்தும்தான். நாலு கார்டு வீணாகியது. கடைசியில் அவருக்கு நன்றாகப் பழக்கமான ஃபிளெக்ஸ் தமிழே கைகொடுத்தது:

'மரக்காணம் உப்பு லோடு சூப்பர்வைசர் திரு. பவுல்ராஜ் அவர்கள் தபால் தலையில் இடம்பெற்றுவிட்டார் என்பதை உற்றார் உறவினர் அனைவருக்கும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறோம். இப்படிக்கு, குடும்பத்தார்.'

குடும்பத்தாரான ஆனந்தம்மாளுக்கு இது எதுவும் தெரியாது.

கார்டைப் பெட்டியில் போடாமல் கவுண்டரிலேயே கொடுத்தார். சூர்யகலா முத்திரையை மையில் தோய்த்து, அவர் கண்ணெதிரிலேயே, அவர் முகத்தில் ஒரு குத்துக் குத்தினார். பவுல்ராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன மேடம், மூஞ்சியிலயே குத்திட்டீங்க!"

"குத்தலைன்னா திரும்ப எடுத்து ஒட்டிருவாங்க சார். எவ்ளோ பெரிய தலைவரா இருந்தாலும் இங்க வந்தா ஒரு குத்துதான்."

"தோள்பட்டையில குத்தக் கூடாதா?"

"தோள்பட்டை எங்க சார் இருக்குது? முழுக்க முகமாவே குடுத்துட்டீங்க."

புது மை. மீசையில் விழுந்த கருப்பு, கன்னம் வழியாக இறங்கி, கார்டின் மூலை வரை தீற்றிக்கொண்டு போயிற்று.

கிளியனூரில் அந்தக் கார்டை வாங்கியது டோமினிக்கின் மனைவி மேரிசெல்வி. முதலில் மூலையில் கருப்பைப் பார்த்தார். எழவுச் செய்தி கொண்டுவரும் கார்டில்தான் மூலையில் கருப்பு இருக்கும். அடுத்து ஸ்டாம்பைப் பார்த்தார். ஸ்டாம்பில் யாருடைய படம் வரும்? செத்துப்போன பெரியவர்களுடைய படம்தான். மூன்றாவதாக எழுத்தைப் படித்தார். 'உற்றார் உறவினர் அனைவருக்கும்' என்ற இடத்துக்கு வந்ததும், அதற்கு மேல் படிக்கவில்லை.

"ஐயோ, அண்ணன் போயிட்டாரே!"

கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த டோமினிக் ஓடி வந்தார். தங்கைக்கு போன் போட்டார். ஆனந்தம்மாள் கோயிலில் நவநாள் ஜெபத்தில் இருந்தாள், போன் சைலண்ட்டில் இருந்தது. ஏழு தடவை போட்டும் எடுக்கவில்லை. எழவு வீட்டில் எப்படி எடுப்பாள்? "என் வீட்டுல ஒரு வாய் பிரியாணிகூடச் சாப்பிடலியே மாப்ள" என்று டோமினிக் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, ஒரு டாட்டா ஏஸை வரச் சொல்லி, சம்பங்கியும் ரோஜாவும் கட்டிய ஆள் உயர மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு, சொந்தக்காரர் பத்துப் பேரோடு மரக்காணத்துக்குக் கிளம்பினார்.

வண்டி வந்து நின்ற நேரத்தில் ஆனந்தம்மாள் கோயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். அண்ணன் கையில் மாலை, அண்ணி தலைவிரி கோலம். அண்ணன் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று அவளுக்குப் பட்டது. "அண்ணி!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒப்பாரி வைத்தார்கள். யாருக்காக என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்தார் கூடினார்கள். மோர் விற்கிறவர் சைக்கிளை நிறுத்தித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அழுகைச் சத்தம் கேட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து பவுல்ராஜ் வந்தார். தலைக்கும் மீசைக்கும் டை அடித்திருந்தார். தோளில் கிழித்த உர மூட்டைப் பை. நெற்றியில் கருப்பு வழிந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பதறிப்போய்க் கேட்டார்:

"யாரு செத்தது?"

டோமினிக் நிமிர்ந்தார்.

"நீதான் மாப்ள!"

மேரிசெல்வி கார்டை எடுத்து நீட்டினார். ஆனந்தம்மாள் அதை வாங்கிப் படித்துவிட்டு, புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குச் செத்திருந்தாலே தேவலை என்று பவுல்ராஜுக்குத் தோன்றியது.

"பெருமையா எழுதினேன் மச்சான்" என்றார் மெதுவாக.

"பெருமையா? வண்டி பூரா ஆளுங்க. சாவு மணி அடிக்கச் சொல்லி கோயிலுக்கு ஆள் அனுப்ப இருந்தேன்!"

மாலையை யார் கழுத்திலும் போட முடியாது. கடைசியில் வீட்டு மாதா சுரூபத்துக்கு அதைச் சாத்தினார்கள். மாதா பூவுக்குள் மறைந்துபோனார். வந்தவர்களுக்கு ஓட்டலிலிருந்து பிரியாணி வந்தது. டோமினிக் ஒரு வாய்கூட வைக்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் போஸ்ட்மேன் மரியதாஸ், வழக்கமாக வீட்டுக்குள் விட்டெறிகிறவர், சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணே, உங்களுக்குத்தான் கார்டு. ரொம்பக் கேவலமா திட்டியிருக்காரு."

கிளியனூரிலிருந்து வந்திருந்தது. 'செத்தவனுக்கு எழுதிக்கொள்வது' என்று ஆரம்பித்து, மாலைச் செலவு, வண்டிச் செலவு, மேரிசெல்விக்கு ஏறிய பிரஷர் எல்லாவற்றையும் சொல்லி, 'உன் மூஞ்சிக்கு மூலையே அதிகம்' என்று முடித்திருந்தார். கார்டு என்பதால் கிளியனூரிலும் மரக்காணத்திலும் அதைக் கையில் தொட்டவர் எல்லாரும் படித்திருந்தார்கள்.

பவுல்ராஜுக்கு ரத்தம் கொதித்தது. சட்டையை மாட்டிக்கொண்டு போய் கார்டு வாங்கினார். இந்தத் தடவை எழுதியது எதுவும் வீணாகவில்லை. ஃபிளெக்ஸ் தமிழ் எங்கே போயிற்றோ, வாயில் வருகிற தமிழ் அப்படியே கையில் வந்தது. இடம் போதாமல் ஓரத்தில் எழுதினார், கார்டைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் எழுதினார். இவ்வளவு விஷயம் தனக்குள் இருந்தது அவருக்கே தெரியாது. பெட்டியில் போட்டபின் ஒரு வரி இன்னும் நன்றாகத் தோன்றியது. திரும்ப எடுக்க முடியாது, அழிக்க முடியாது. அந்த வரியை அடுத்த கார்டுக்கு வைத்துக்கொண்டார்.

பதில் வந்தது. பதிலுக்குப் பதில் போயிற்று. போன் பிளாக் அப்படியே இருந்தது. எடுத்துவிட்டால் போனிலேயே திட்டிவிட வேண்டியிருக்குமே என்று இரண்டு பேருக்கும் பயம். கார்டு தாமதமானால் பவுல்ராஜ் உப்பு லாரியை நிறுத்தி வைத்துவிட்டு மரியதாஸைத் தேடிப் போனார். "இன்னிக்கு ஒண்ணும் வரலண்ணே" என்றால் சாப்பாடு இறங்கவில்லை. சூர்யகலா, அடுத்த கார்டில் டோமினிக்கின் கத்தரிக்காய் விலையைப் பற்றி ஒரு வார்த்தை போடலாமே என்று கவுண்டரிலிருந்தே யோசனை சொன்னார்.

தன் முகம் தீர்ந்த பிறகு பவுல்ராஜ் இன்னொரு ஷீட் அடிக்கச் சொன்னார். இந்தத் தடவை டோமினிக்கின் படம். "நல்லா அழுத்திக் குத்துங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆனந்தம்மாள் நடுவில் வருகிற வரைக்கும். ஒரு கார்டின் அடியில் இருந்த கொஞ்ச இடத்தில் அவள், 'அண்ணி, கால் வலி எப்படி இருக்கு?' என்று எழுதினாள். அடுத்த கார்டில் மேரிசெல்வி கால் வலியைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருந்தார். டோமினிக்கின் வசவு இரண்டு வரியாகச் சுருங்கிப் போயிருந்தது. அதற்கு ஆனந்தம்மாள் எண்ணெய் காய்ச்சும் விதத்தை எழுதினாள். ஆன்மேரிக்கு வரன் பார்ப்பதைப் பற்றி எழுதினாள்.

போன வாரம் பவுல்ராஜ், நல்ல வசவு ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் பேனாவோடு வந்தார். கார்டு பொடி எழுத்தில் முழுசாக நிரம்பியிருந்தது.

"ஏம்மா, எனக்கு எழுத எடம் எங்க?"

"அட்ரஸை நீங்கதான எழுதணும்" என்றாள் ஆனந்தம்மாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "கோணாம எழுதுங்க."

அவர் உட்கார்ந்து, 'உயர்திரு' என்று ஆரம்பித்து, கோணாமல் எழுதினார்.