தமனிக்குப் பின்னால் நின்ற நீர்

எண்பதுகளின் நடுவில் வேலூரில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்தேன். எனக்கு மேலிருந்த இதய டாக்டரை எனக்கு அறவே பிடிக்காது. அவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. எக்கோ மெஷினை வார்டுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுப்பது நான், பேசுவது அவர். ஒருமுறை நான் வாயைத் திறந்ததற்கு, நர்சுகள் எதிரிலேயே, பொம்பளைக்கு இந்த மெஷின் எதற்கு, அடுப்பு போதாதா என்று கேட்டார்.

அன்று காலை கட்டிலில் இருந்தவர் ஆம்பூர் டேனரி ஒன்றில் தோலுக்குச் சுண்ணாம்பு போடும் தொழிலாளி. மூச்சு வாங்கியதால் படுக்க முடியாமல் தலையணைகளில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி நின்றாள். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்று டாக்டர் முன்பே முடிவு கட்டியிருந்தார்.

நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, இடக்கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன். மார்பெலும்பை ஒட்டி, இடது விலா எலும்புகளின் இடுக்கில், ஜெல் தடவி மெஷினின் புரோபை வைத்தேன். நீர் என்றால் திரையில் கறுப்பாகத் தெரியும். கறுப்பு தெரிந்தது. அதற்குமேல் டாக்டர் பார்க்கவில்லை. ஊசி எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இதயத்துக்குப் பின்னால் பெருந்தமனி சிறு வட்டமாகத் தெரியும். முதலில் அதைத் தேடு என்பதுதான் பாலபாடம். கறுப்பு அந்த வட்டத்துக்கு முன்னால் புகுந்திருந்தால் இதயத்தைச் சுற்றி நீர். பின்னாலேயே நின்றுவிட்டால் நுரையீரலைச் சுற்றி. புரோபைச் சற்றே சாய்த்தேன். வட்டம் வந்தது. கறுப்பு அதற்குப் பின்னால்தான் நின்றது. முன்னால் துளி நீர் இல்லை. ஊசி போனால் நேராக இதயத்தில்தான் குத்தும்.

படத்தைத் திரையில் நிறுத்திவைத்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. குத்தட்டும், எல்லார் எதிரிலும் மூக்கு உடையட்டும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன், இப்போது மழுப்பி என்ன ஆகப்போகிறது? அவர் வந்து நோயாளியைச் சாய்த்து உட்கார வைத்தார், அயோடின் தடவினார், மரத்துப்போக ஒரு ஊசி போட்டார். அடுத்து நீளமான ஊசியை எடுத்தார். நோயாளி பயத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த ஊசி யாருடைய நெஞ்சுக்குள் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"குத்தாதீங்க சார். நீர் நுரையீரல் பக்கம் இருக்கு. தமனியைப் பாருங்க."

திரையைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. ஊசியைத் தட்டில் போட்டார். பிறகு முதுகு வழியாக நீரை எடுத்தோம். மத்தியானம் அந்த மனுஷர் நன்றாகப் படுத்துத் தூங்கினார்.

அவர் மனைவி என்னைத் தேடி வராந்தாவுக்கு வந்தாள். கும்பிடப்போகிறாள் என்று நினைத்தேன், வெட்கங்கெட்டவள் நான்.

"உனக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சி, டாக்டரம்மா. உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன். இன்னாத்துக்கு சும்மா நின்ன?"

படம் சரியாகத் தெரியவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.