நல்ல நேரத்தில் வாங்கிய பல்சக்கரம்

வண்டிக்கு அடியில் கிடந்து பின்னச்சைக் கழற்றியதில் சூசைமுத்துவுக்குக் காலையிலிருந்தே இடுப்பு விட்டுப்போயிருந்தது. கொடைக்கானல் மலையிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளைக் கொடைரோடு ரயிலுக்கு இறக்குகிற வேனுக்கு அவர்தான் டிரைவர். போகும்போது அரிசி, வரும்போது கிழங்கு. போன வாரம் ஏற்றத்தில், பின்னச்சுக்குள் இருந்து சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரக் கூடான டிஃபரன்ஷியலின் பற்கள் நொறுங்கிவிட்டன. வண்டி தாங்காத பாரத்தை ஏற்றச் சொன்னவர் முதலாளி பொன்னுத்துரை. உடைத்த பழி சூசைமுத்துவுக்கு. உழைப்பவன் தலையில் பழி போட மட்டும் நம்மவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

அது யுத்தத்தில் ஓடியபின் ராணுவம் கழித்துவிட்ட வண்டி. புதுச் சாமான் கிடைக்காது. பேகம்பூரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த காதர் பாயிடம் ஒரு டிஃபரன்ஷியல் கிடந்தது. கூடு அதே கூடு. போல்ட் துளைகள் அதே இடத்தில். அச்சுத் தண்டைச் செருகினால் சுகமாக உள்ளே போயிற்று. சமவெளியில் ஓடும் வண்டிக்கு அதுவே போதும். மலை வண்டிக்குப் போதாது. உள்ளே பெரிய சக்கரத்துக்கு எத்தனை பல், அதைச் சுழற்றும் சின்னச் சக்கரத்துக்கு எத்தனை பல் என்று எண்ண வேண்டும். உடைந்ததில் நாற்பதுக்கு ஆறு. இந்தக் கணக்கு பிசகினால் ஏற்றத்தில் வண்டி மூச்சு முட்டி நின்று பின்னால் உருளும். இறக்கத்தில் எஞ்சின் இழுத்துப் பிடிக்காது. பாரம் முழுக்கப் பிரேக்கின் மேல் விழும். மூட்டை மேல் உட்கார்ந்து வருகிறவர்களோ சுமை தூக்கும் ஏழைகள்.

அன்று புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு இராகு காலம். அதற்குள் வெற்றிலையில் பணத்தை வைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று பொன்னுத்துரை பறந்தார்.

“கிரீஸை வழிச்சிட்டு எண்ணிப் பாத்துடறேன் மொதலாளி. செத்த நேரந்தான்.”

“சர்ச்சுக்குப் போற வேதக்காரனுக்கு நேரமென்ன, காலமென்ன. பாய், வெத்தலையப் பிடிங்க.”

காதர் பாய் கையை நீட்டவில்லை. எண்ணட்டும், இரும்பு எங்கேயும் ஓடிவிடாது என்றார். சூசைமுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, முதல் பல்லில் சுண்ணாம்புக் கோடு போட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிப்பதற்குள் மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதிவிட்டது.

முப்பத்தாறுக்கு ஏழு. மலைக்கு ஆகாது.

“இராகு காலத்துல எண்ணுனா வேற என்ன வரும்?” என்று துண்டை உதறிக்கொண்டு பொன்னுத்துரை போய்விட்டார்.

மறுநாள் காலை, சோதிடர் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில் வந்து, அதே டிஃபரன்ஷியலை வெற்றிலை பாக்கோடு வாங்கிப் போனார். ஒரே இரவில் முப்பத்தாறு நாற்பதாகிவிட்டதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லை.

இதை மாட்டினால் நான் மலையேற மாட்டேன் என்று சூசைமுத்து சொன்னார். அப்படியானால் சாவியை வைத்துவிட்டுப் போகலாம், பாக்கியராஜ் ஓட்டுவான் என்றார் முதலாளி. பாக்கியராஜ் பழனி ரோட்டில் ஓட்டிப் பழகியவன். மலை வளைவைக் கண்டதில்லை. சூசைமுத்து சாவியை மேசை மேல் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். அங்கே சுமைகாரன் மொக்கைச்சாமி நின்றிருந்தான்.

“ஏண்ணே, நீங்க வரலையா? அப்ப நாங்க ஏறலாமா, கூடாதா?”

ஏறாதே என்று சொல்லிவிடலாம். ஏறாவிட்டால் அவன் வீட்டில் உலை ஏறாது. சூசைமுத்து திரும்பிப் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டார்.

புதிதாக வாங்கியதை மாட்டிக்கொண்டு போன அந்த முதல் நடையில் மலை முழுவதும் முதல் கியரில்தான் ஏறினார். அரிசி மூட்டைகளில் பாதியை அடிவாரத்துக் கடையில் இறக்கிப் போட்டார். செங்குத்தான இடங்களில் ஆட்களை இறக்கி நடக்கவிட்டார். மொக்கைச்சாமி ஒரு மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தை ஒட்டியே வந்தான். வண்டி திணறும்போதெல்லாம் பின்னால் உருளாதபடி அதைச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். கிழங்கோடு இறங்கும்போதும் அதே முதல் கியர், எஞ்சின் அலறியது. கொடைரோட்டில் இறங்கியபோது சூசைமுத்துவின் கால் மரத்துப்போயிருந்தது. ரயில் போயிருந்தது.

பொன்னுத்துரை ஸ்டேஷனில் காத்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

“பாத்தியா? நேரம் பாத்து வாங்குன சாமான். எண்ணுறேன் எண்ணுறேன்னியே, என்ன ஆச்சு?” என்றவர், போன ரயிலை நினைத்துக்கொண்டு, “மெதுவா மிதிச்ச ஒன் காலுக்குத்தான் நேரம் சரியில்ல போல,” என்றார்.

சூசைமுத்து அடுத்த நடைக்கு இன்னும் கனமான கட்டையாகப் பார்த்து வை என்று மொக்கைச்சாமியிடம் சொல்லிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.