மிளகாய்ச் சோறு

இலங்கையில், குருவிட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஸ்டோர் காவக்காரனாக இருந்தேன். புகைபோட்ட ரப்பர் சீட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் அந்த ஸ்டோருக்கு என்னோடு காவல் இருந்தது ஒரு கறுப்பு நாய். பொல்லாத நாய். கணக்கப்பிள்ளையின் காலைக் கவ்வியிருக்கிறது. துரையே தள்ளி நின்றுதான் என்னோடு பேசுவார். "ஒங்களுக்கு ஏத்த சோடிதான் வாச்சிருக்கு" என்பாள் என் மனைவி. என் வாயும் அப்படித்தான், மறுக்க முடியாது.

கள்வர்கள் முதலில் நாய்க்கு நஞ்சு வைப்பார்கள், பிறகுதான் ஸ்டோரை உடைப்பார்கள். அதனால் குட்டியிலேயே அதைப் பழக்கிவிட்டேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கருவாட்டுக்குள் மிளகாய்த்தூளை அடைத்து நீட்டச் சொல்வேன். தின்றுவிட்டு மண்ணில் மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டு கத்தும். உடனே நான் என் கையால் நல்ல சோறு கொடுப்பேன். ஒரே மாதம்தான். பிறகு என் கையைத் தவிர வேறு எவர் கொடுத்தாலும், எவர் வைத்தாலும் அது வாய் வைக்கவில்லை. எனக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

நாய் வந்த எட்டாம் வருஷம் எங்கள் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இந்தியா போகும் கப்பலுக்குப் பத்தே நாள். மனைவி சட்டிபானையைக் கட்டத் தொடங்கினாள். நாயைக் கொண்டுபோக வழியில்லை. அடக் கடவுளே, இது இனி யார் கையில் தின்னும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனக்குப் பதிலாக வந்தவர் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர், அமைதியான மனுஷர். இரண்டு நாள் நான் ஸ்டோர் பக்கமே போகாமல், அவரையே சோறு வைக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் லயத்துக்கு வந்து, "பல்லா கன்னே நே, ஐயே" என்று கையை விரித்தார். நாய் தின்னவே இல்லையாம், மோந்துகூடப் பார்க்கவில்லையாம்.

பழக்கிய வழியிலேயே மறக்கடிக்கலாம் என்று என் புத்தி போயிற்று. என் கையால் மிளகாய், அவர் கையால் நல்ல கருவாடு. சோற்றில் தூளை அள்ளிப் போட்டுப் பிசைந்தேன்.

"வாயில்லா சீவன். இந்தப் பாவம் நம்மள சும்மா விடாதுங்க" என்றாள் மனைவி.

"வாய மூடு. அது உசிரோட இருக்க வேணாமா?" என்று எரிந்து விழுந்தேன்.

ரப்பர் பால் வாளிகளோடு ஆட்கள் வந்துபோன பிறகு, அந்தச் சிங்களவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உருண்டையை நீட்டினேன். தின்றது. கண்ணில் நீர் கொட்டியது, வாயில் நுரை வழிந்தது. அவர் கருவாட்டை நீட்டினார். அவரைப் பார்த்து உறுமிவிட்டு, என் விரலில் ஒட்டியிருந்ததை நக்கியது. நாலு நாள் கொடுத்தேன். நாலு நாளும் தின்றது. ஊரையே கடிக்கப் பாய்ந்த நாய், என்னிடம் ஒருதரம்கூடப் பல்லைக் காட்டவில்லை. ஐந்தாம் நாள் எனக்குக் கை வரவில்லை. நல்ல சோற்றை ஊட்டிவிட்டு, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

லொறி ஏறிய காலையிலும் நான்தான் ஊட்டினேன். "மங் பலாகன்னங், ஐயே" என்றார் அந்த மனிதர், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. நல்ல மனசு.

இந்தியா வந்தபின் தோட்டத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். லயத்தில் எல்லோரையும் விசாரித்து எழுதினேன். நாயைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர்களும் எழுதவில்லை.