தாய்மாமன் இறக்கிய கரி மூட்டைகள்

என் மகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, யாருடைய சீட்டோ மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மாறவில்லை.

மதுரைக்கு மேற்கே கால்வாய் ஓரம் எங்கள் நிலம். அப்பா பங்கு வைத்தபோது மேடு அண்ணனுக்கு, பள்ளம் எனக்கு. நான் கீரை போட்டேன். அண்ணன் ஆரப்பாளையத்தில் பழைய பேட்டரிகளை வாங்கி, மேட்டில் கொட்டகை போட்டு, உடைத்து ஈயத்தை உருக்கினான். அந்தக் கழிவெல்லாம் மழையோடு என் பாத்திக்குத்தான் இறங்கியது. அந்தக் கீரையைத்தான் பருப்போடு கடைந்து பிள்ளைக்கு ஊட்டினேன்.

புகார் கொடுக்கக் கிளம்பினேன். கூடப்பிறந்தவன் மேலா, நாளைக்குப் பிள்ளையை யார் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவாய் என்று சொந்தபந்தம் மறித்தது. அவர்களுக்குப் பிள்ளையைவிட மடிதான் கவலை. அண்ணன் கொட்டகையை மூடினான். நல்ல மனசு என்று ஊரே மெச்சியது. வேறு இடம் பார்த்துவிட்டுத்தான் மூடினான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விவசாயக் கல்லூரியில் மண் பரிசோதிக்கும் அம்மா ஒருவர் வழி சொன்னார். சீமைக்கருவேல விறகை மூட்டம் போட்டு, காற்றுப் புகாமல் கரியாக்கி, நொறுக்கி எருவோடு மண்ணில் கலக்க வேண்டும். ஈயம் மண்ணை விட்டுப் போகாது. ஆனால் கரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கீரையில் ஏறுவது குறையும். நானும் கணவரும் புகையில் வெந்து ஒரு பாத்திக்குப் போட்டோம். அந்தப் பாத்திக் கீரையில் ஈயம் நன்றாகவே குறைந்திருந்தது. அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மீதி நிலத்துக்கு விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் டெம்போ நிறையக் கரி மூட்டைகளோடு வந்தான். தேங்காய் பழத்தட்டு வேறு.

"என் மருமகளுக்கு மாமன் சீருன்னு வச்சுக்கத்தா. நீ எதுக்கு வெயில்ல கெடந்து சாகுற?"

தாய்மாமன் சீரை எங்கள் பக்கம் யாரும் கிளறிப் பார்க்க மாட்டார்கள். எங்கே வாங்கினாய் என்று கேட்டாலே மரியாதைக் குறைச்சல். என் கணவர் வாயெல்லாம் பல்லாக மூட்டைகளை இறக்கினார். மொத்த நிலத்திலும் கலந்தோம், தேறி வந்த அந்தப் பாத்தியிலும்.

அடுத்த பரிசோதனையில் கீரையில் ஈயம் முன்னைவிட ஏறியிருந்தது. கல்லூரி அம்மா மிச்சமிருந்த மூட்டையைக் கொட்டச் சொன்னார். கரித் துண்டுகளுக்கு நடுவே ஈயக் குருணை மினுங்கியது. ஈயம் உருக்கிய உலையடியில் கிடந்த கரியை அள்ளி எங்கள் தலையில் கட்டியிருக்கிறான். குப்பை கொட்ட இடம் தேடியவனுக்குத் தட்டு என்ன, தேங்காய் என்ன! கேட்டதற்கு, கரி என்றால் எல்லாம் கரிதானே, எனக்கென்ன தெரியும் என்றான். வருஷக்கணக்கில் ஈயம் உருக்கியவனுக்குத் தெரியாதாம்.

அழகர்கோவிலில் காதுகுத்து. அண்ணன் பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைத் தட்டி மகளைக் கூப்பிட்டான். அவளும் மாமா என்று ஓடினாள். எட்டிக் கையைப் பிடித்தேன். சொந்தபந்தம் மொத்தமும் என்னை முறைத்தது.

"நீ குடுத்த சீரு அவ ரத்தத்துல ஓடுதுண்ணே. அது போதும்" என்றேன்.

மகளை என் மடியில் வைத்துக்கொண்டு, ஆசாரியைக் குத்தச் சொன்னேன்.