குளிரும் நெருப்புத்தான்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதக் காற்று வீசிய ஒரு காலை. மட்டக்களப்பு வாவியின் குருமண்வெளித் துறையில், பாதையில் ஏற மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். பாதை என்று நாங்கள் சொல்வது, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் தட்டையான பெரிய படகை.

சிறுவயதில் சுனாமி என்னை அடித்துக்கொண்டுபோய் ஒரு வேலியில் எறிந்தது. அன்றிலிருந்து கிணற்றைக்கூட எட்டிப் பார்க்கமாட்டேன். விதி விட்டதா? பட்டம் முடித்து வருடக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த ஆசிரியர் நியமனம், வாவிக்கு அக்கரையில். முதல் இரண்டு நாளும் துறையோடு திரும்பிவிட்டேன். அன்றும் போகாவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும். “கண்ண மூடிட்டு நில்லுங்க புள்ள, கரை வந்திரும்” என்று கணவர் ஏற்றிவிட்டார். கரையில் நின்று சொல்பவருக்கு என்ன?

நடு வாவியில் காற்று பாதையைத் தூக்கிப் போட்டது. தண்ணீர் தெறித்து என் காலை நனைத்தது. கம்பியைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டேன். மூச்சு வரவில்லை. பக்கத்தில் நின்ற சிங்களத் தாதி ஒருவர், என் வயதுதான் இருக்கும், தானும் குந்தி என் கையைப் பிடித்தார்.

“அக்கா, பயம் எங்க இருக்கு?”

நெஞ்சைக் காட்டினேன். அங்கே என்ன, இறுக்கமா என்று கேட்டார். ஓம் என்றேன். “அது மண்” என்றார். கால் நடுங்குகிறது என்றேன். அது காற்றாம். கை குளிர்கிறது என்றேன். “அது நெருப்பு.”

விஞ்ஞானம் படித்தவளுக்குப் பொறுக்குமா? சாகப்போகிற நேரத்திலும் கோபம் வந்தது. “குளிர் என்னண்டு நெருப்பாகும்?”

“சூடு கூடினாலும் நெருப்பு, குறைஞ்சாலும் நெருப்பு. எங்கட பௌத்த தியானத்தில உடம்பே மண், தண்ணி, நெருப்பு, காத்து எண்டு நாலுந்தான். வாயில எச்சில் இருக்கா?”

விழுங்கிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது.

“அது தண்ணி. அதுக்கும் பயமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் கேட்கக் கேட்க, இறுக்கம், நடுக்கம், குளிர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்று குறைந்தால் இன்னொன்று வந்தது. ஆனால் பயம் என்று தனியாக எதையும் காட்ட முடியவில்லை.

அக்கரையில் இறங்கி நன்றி சொன்னபோதுதான் அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். வெளிறிப்போய் வியர்த்திருந்தது.

“எனக்கும் நீந்தத் தெரியாது அக்கா. இண்டைக்குத்தான் முதல் தரம். உங்களக் கேட்டுக் கேட்டுத்தான் நானும் வந்தது.”

இப்போதும் அந்தப் பாதையில்தான் பாடசாலைக்குப் போகிறேன், பயமும் சில நாட்களில் கூடவே ஏறுகிறது. ஆனால் என்னைப்போலவே பயந்துபோயிருந்த ஒருவர் என் கையை விடாமல் பிடித்ததால்தான் நான் இன்று ஓர் ஆசிரியை என்பதை நினைக்கும்போதெல்லாம் கண் கலங்குகிறது.