உள்கோளமும் ஒரு மொட்டைக் கடிதாசியும்

கல்லூரி இயற்பியல் ஆய்வக உதவியாளருக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர் வைத்தவள் அவர் மனைவி. காபியில் சர்க்கரை போட்டாயா என்று கேட்பார். குடித்துப் பார்த்த பிறகும் நம்பமாட்டார். அப்பேர்ப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள் ஸ்டோர் கீப்பர், இருபது வருஷத்துச் சிநேகிதர். அதற்கும் கேடு வந்தது.

பழுதுபார்க்க ஸ்டோர் கீப்பர் எடுத்துப்போன மின்னழுத்த மீட்டர், பளபளவென்று திரும்பி வந்தது. அந்தப் பளபளப்பே இவரை உறுத்தியது. ஒன்றுக்குள் ஒன்றாக, ஒட்டாமல் நிற்கும் இரண்டு பித்தளைக் கோளங்களுக்கு நடுவே மீட்டரை மாட்டினார். உள்கோளத்துக்கு மின்னூட்டம் கொடுக்கச் வெளிக்கோளத்தின் சின்ன ஓட்டை வழியே மின்னேற்றிய கோலை நுழைத்து மல்லுக்கட்ட வேண்டும். சோம்பல்பட்டு, கைக்கு எட்டிய அந்த வெளிக்கோளத்துக்கே கொடுத்தார். முள் அசையவில்லை. மேலும் மேலும் கொடுத்தார். கை ரோமம் சிலிர்த்ததே தவிர, முள் அசைந்து கொடுக்கவில்லை.

நல்ல மீட்டரை வெளியே விற்றுவிட்டு ஓட்டை டப்பாவை வைத்துவிட்டானே! நேரில் கேட்க வாய் வரவில்லை. முதல்வருக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போட்டார்.

விசாரணை வைத்தார்கள். திருட்டு என்று முடிவானால் ஸ்டோர் கீப்பருக்கு வேலை போய்விடும். மீட்டரைச் சோதிக்கப் பேராசிரியை வந்தார். ஒன்றும் தெரியாதவர்போல உதவியாளர் வெளிக்கோளத்துக்கு மின்னூட்டம் கொடுத்துக் காட்டினார்.

"வெளிய எவ்வளவு குடுத்தாலும் ரெண்டு கோளத்தோட அழுத்தமும் சமமா ஏறும்ங்க. அப்புறம் நடுவுல வித்தியாசம் எப்படி வரும்? உள்ள இருக்கறதுக்குக் குடுக்கணும்," என்றார் பேராசிரியை.

பிறகு ஓட்டை வழியே கோலை நுழைத்து உள்கோளத்தைத் தொட்டார். முள் துள்ளி எழுந்தது. மீட்டர் பழைய மீட்டர்தான். பத்தே நிமிஷத்தில் விசாரணை முடிந்தது.

ஸ்டோர் கீப்பர் வெளியே படிக்கட்டில் பேயறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார். உதவியாளர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாருடா எழுதியிருப்பான்? ஒரு வாரமாத் தூக்கமே இல்ல. பியூன், கிளார்க், என் சொந்த மச்சான், ஒருத்தரை விடாம சந்தேகப்பட்டுட்டேன். உன்னை மட்டும்தான் விட்டு வச்சேன்."

இவருக்கு வெட்கமாக இருந்தது.

"நான்தான்டா எழுதினேன்."

ஸ்டோர் கீப்பர் நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சானை வீட்டுப் படி ஏறாதன்னு சொல்லிட்டேன்டா," என்றார். பிறகு எழுந்து நடந்தார்.