கைராசிக்காரி

எங்கள் சித்தி மகளுக்குக் கைராசி என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கைராசி யாருடையது என்பது எனக்குத் தெரியும். அதை வெளியே சொல்ல முடியாமல்தான் ஒரு வருடம் வெந்துகொண்டிருந்தேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. குஜிலியம்பாறையில் வேலை பார்த்த சித்தி, மகள் டவுனில் படிக்கட்டும் என்று திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் விட்டிருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். வந்த நாளிலிருந்து அம்மா அவளுக்குத்தான் முதலில் தலை பின்னுவாள். கேட்டால், "ஆத்தாளை விட்டுட்டு வந்த புள்ளடி" என்பாள். என் இரண்டாவது சடை முடிவதற்குள் பள்ளி வேன் ஹாரன் அடித்துவிடும். முறுகலான தோசையும் அவளுக்குத்தான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

கொடைக்கானலில் வேலை பார்த்த மாமா ஒருநாள் ஒரே ஒரு கிழங்கோடு வந்தார். பார்க்க இஞ்சி மாதிரி இருந்தது. மேலே மஞ்சள் பூவாம், கீழே கிழங்காம். எங்கள் பக்கம் அதற்குப் பெயர் இல்லாததால் சூரியகாந்திக் கிழங்கு என்று நாங்களே வைத்துக்கொண்டோம். நானும் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றேன். மாமா அதை அவள் கையில் வைத்து, "நீ ஊனு தாயி" என்றார்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டி நட்டாள். தினமும் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவும் அவளோடு போய் உட்கார ஆரம்பித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் டியூஷன் போயிருந்த ஒரு சாயங்காலம் கிழங்கைத் தோண்டி எடுத்து, அரிவாள்மனையில் ஏழு துண்டாக நறுக்கினேன். குப்பைக்கூடையில் போட்டால் அம்மா கண்ணில் படும். அதனால் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஒவ்வொரு துண்டையும் தள்ளித் தள்ளிப் புதைத்து, தடயம் தெரியாமல் பழைய குழியையும் மண்ணைப் போட்டு மூடினேன். மறுநாள் அவள் வெறும் குழிக்குத் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்து மனம் குளிர்ந்தது.

முளைக்கண் உள்ள துண்டு ஒவ்வொன்றும் ஒரு செடியாகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மழை பெய்ததும் சுவர் நெடுக ஏழு செடிகள் வரிசையாக எழுந்து நின்றன.

"ஒத்தக் கிழங்கை ஊனுனா, மண்ணுக்குள்ளயே ஓடி அம்புட்டு தூரம் மொளைச்சிருக்கு! இவ கைராசிக்காரி!" என்று அம்மா அவளுக்குத் திருஷ்டி கழித்தாள். அவள் நட்ட குழியில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. அவள் அந்தக் குழியைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், பிறகு என்னையும் பார்த்தாள்.

பக்கத்து வீட்டில் முருங்கைக் கம்பு ஊன்ற அவளைக் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டில் மல்லிகைப் பதியன். என் கை என்று சொல்லலாம்தான். சொன்னால் அந்தக் கை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். செடிகள் சுவருக்கு மேல் பூத்தபோது தெருவே பார்த்தது. தை மாதம் ஒரு வாளி கிழங்கு எடுத்து அம்மா பொரியல் செய்தாள். சாப்பிட்ட எல்லோருக்கும் வயிறு உப்பிக்கொண்டது. அப்போதாவது அவளை ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பழி சாம்பாரில் போட்ட துவரம்பருப்பின் மேல் போனது.

கோடை விடுமுறையில் சித்தி செம்பட்டிக்கு மாற்றலாகி, மகளைக் கூட்டிப்போக வந்தாள். அன்று சித்தி மகள் மண்ணில் மிஞ்சியிருந்த ஒரு கிழங்கைத் தோண்டிக் கழுவி, அரிவாள்மனையோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நீயே நறுக்கிக் குடுடி. உன் கை பட்டாத்தேன் மொளைக்கும்."

ஊருக்குப் போகிற நாளிலும் என்னை வேலை வாங்குகிறாளே என்றுதான் எனக்குத் தோன்றியது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நறுக்கிக் கொடுத்தேன்.